காற்றுக்கு வெட்டிய வாயில்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிதைக்கு அணி வேண்டுமா, வேண்டாவா என்னும் வழக்கு, கவிஞர் கூடும் இடமெல்லாம் நடந்துவரும் பழைய வழக்கு. அவ்வழக்கிற்கு இன்று புதிய சாட்சி ஒன்று அழைக்கப்படுகிறது. அது புலவர் ஒருவரின் கூற்றும் அன்று. உரையாசிரியரின் விளக்கமும் அன்று. இரும்புத் தகட்டில் வெட்டிய ஒரு துளை.

அமெரிக்க நாட்டில், காரின் எஞ்சினை மூடியிருக்கும் பானெட்டை வெட்டித் திறந்து, அத்துளையின்மேல் காற்று வாங்கும் கூடு ஒன்றைப் பொருத்தும் பழக்கம் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக வழங்கி வருகிறது. அக்கூட்டை அவர்கள் ஸ்கூப் என்பர். முகந்தெடுக்கும் அகப்பை என்பது அச்சொல்லின் பொருள். ஓடுகின்ற கார், எதிர்வரும் காற்றை அகப்பையால் முகந்து எஞ்சினுக்கு ஊட்டுகிறது என்னும் உருவகம் அப்பெயருக்குள் அடங்கிக் கிடக்கிறது.

அவ்வகப்பைகளை நெருங்கி நோக்குவோர் நான்கு வகைகளைக் காண்பர். திறந்த வாயால் மெய்யாகவே காற்றை முகப்பவை ஒரு வகை. திறந்திருப்பதுபோல் தோன்றி, உள்ளே தகட்டால் அடைபட்டிருப்பவை மற்றொரு வகை. வாய் திறந்திருந்தும் நல்ல காற்று கிட்டாத இடத்தில் அமர்ந்தவை மூன்றாம் வகை. காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நின்றும் காற்றை நிறையப் பெறுபவை நான்காம் வகை. அணியிலும் இந்நான்கு வகை உண்டு என்பதைக் கவிஞர்கள் அறிவார்கள். ஆகவே, இச்சாட்சியை முழுவதும் கேட்பது தகும்.

எஞ்சின் உண்ணும் உணவு

பெட்ரோலால் கார் ஓடுகிறது என்பது உலக வழக்கு. எடை போட்டுப் பார்த்தால், காரின் உணவில் பெரும்பகுதி காற்றே. 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அதாவது, 1 லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று. 6.4 லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் ஒன்று இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் வயிறு நிறையக் காற்றை இழுக்கிறது. அது நிமிடத்திற்கு 5,000 முறை சுழலும்போது 16,000 லிட்டர் வரை இழுக்கக்கூடும். அமைதியாக அமர்ந்திருக்கும் மனிதர் அதே ஒரு நிமிடத்தில் இழுக்கும் மூச்சு ஏறத்தாழ 6 லிட்டர் மட்டுமே.

பானெட் மூடியிருக்கும்போது இவ்வளவு காற்றும் எஞ்சினைச் சுற்றியுள்ள வெப்ப அறையிலிருந்து எடுக்கப்படுமானால், எஞ்சின் தான் வெளியிட்ட சூட்டையே மீண்டும் உண்கிறது. சூடேறிய காற்று விரிந்து மெலியும். வெளியே 30 பாகை வெப்பமும் பானெட்டின் அடியில் 60 பாகை வெப்பமும் இருக்குமாயின், அடியிலுள்ள காற்று வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 9 விழுக்காடு இலேசானது. அவ்வளவு உயிர்க்காற்றும் குறையும்; ஆற்றலும் அதற்கேற்பக் குறையும். துளையிட்டு வெளிக்காற்றைக் கொணர்வதன் முதற்பயன் இக்குறையை நீக்குவதாகும்.

இங்கே ஒரு செய்தி நின்று நோக்கத் தக்கது. அகப்பை என்னும் பெயரைக் கேட்டவுடன், வேகமாக வரும் காற்றை அழுத்தித் திணிப்பதே அதன் தொழில் என்று தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று தரும் கூடுதல் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தில் அரை விழுக்காடுகூட இல்லை. 200 கிலோமீட்டர் வேகத்திலும் அது 2 விழுக்காட்டை எட்டுவதில்லை. காற்றின் வெப்பம் 10 பாகை தணிந்தாலோ, அடர்த்தி 3 விழுக்காடு கூடுகிறது. ஆகவே அகப்பையின் பெயர் வேகத்தைச் சொல்ல, அதன் பயன் குளிர்ச்சியில் தங்கியிருக்கிறது. பெயர் ஒன்றும் பயன் வேறொன்றுமாக நிற்பது சொல்லுலகிலும் அரிதன்று.

அளவைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. மேற்சொன்ன எஞ்சின் நிமிடத்திற்கு 16,000 லிட்டர் காற்றை இழுக்கிறது. கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அவ்வேகத்தில் வரும் காற்றை அப்படியே வாங்க, ஏறத்தாழ 96 சதுரச் சென்டிமீட்டர் வாய் போதும். அஞ்சலட்டை ஒன்றின் பரப்பைவிட அது சிறியது. அதற்குமேல் அகலும் வாய், தனக்கு வேண்டாத காற்றை மோதிச் சிதறடித்துக் காரின் ஓட்டத்தைத் தடுக்கும். பெரிய வாயே பெரிய மூச்சைத் தரும் என்பது கண்ணின் தீர்ப்பு; கணக்கின் தீர்ப்பு அன்று.

பழக்கம் தோன்றிய நிலம்

இப்பழக்கத்தின் நாற்றங்கால் தென் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகள். 1930களில் அங்குள்ள இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களின் பாரத்தைக் குறைத்து, எஞ்சினைத் திருத்தி, மூராக் போன்ற ஏரிப்படுகைகளில் வேகம் பார்த்தனர். அவர்களுடைய குழுக்களை இணைத்து 1937இல் தென் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் தோன்றிற்று. ஹாட் ராட் என்னும் இதழ் 1948இல் வெளிவந்தது. 1949இல் யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்புச் சமவெளியில் வேக வாரம் தொடங்கியது. 1951இல் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன் அமைந்து, கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர் தொலைவை ஓடிக் கடக்கும் போட்டிக்கு நெறி வகுத்தது.

அந்த இளைஞர்கள் பானெட்டை முதலில் வெட்டியது அழகுக்காகவும் அன்று, காற்றுக்காகவும் அன்று. இடத்திற்காக. சிறிய காரினுள் பெரிய எஞ்சினை இறக்கினர். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டும் மூன்றும் பூட்டினர். ஜி.எம்.சி. டீசல் எஞ்சினிலிருந்து காற்று ஊதும் உருளையைக் கழற்றி வந்து பெட்ரோல் எஞ்சினின் தலைமேல் ஏற்றினர். எஞ்சின் உயர்ந்தது, பானெட் மூட மறுத்தது. மூட மறுத்த இடத்தை வெட்டினர். வெட்டிய துளை வழியே வெளியே தெரிந்த கார்புரேட்டரில் தூசியும் பூச்சியும் விழாமல் காக்கவும், காற்றை நேராக்கவும் கூடு வேண்டியதாயிற்று. எஞ்சினின் உச்சியில் முன்னோக்கி வாய் பிளந்து நிற்கும் கூட்டிற்குப் பட்டறை மக்கள் வைத்த பெயர் பூச்சி பிடிப்பான் என்பதாகும். தேவை முதலில் வந்தது. துளை அடுத்து வந்தது. வடிவம் அதன்பின் வந்தது. பெயர் கடைசியில் வந்தது. இவ்வரிசை பின்னாளில் தலைகீழானது எப்படி என்பதே இவ்வுரையின் நடுப்பொருள்.

வெட்டும் முறை

அதற்குமுன், வெட்டும் தொழிலைக் காண்பது நலம். தொழிலறியாமல் தொழிலின் பொய்யையும் மெய்யையும் பிரித்தறிதல் இயலாது.

தேர்ந்த கைவினைஞர் ரம்பத்தை எடுப்பது கடைசியில்தான். முதலில் அளக்கிறார். எஞ்சினின் உச்சியில் மெல்லிய களிமண் உருண்டைகளை வைத்துப் பானெட்டை மெதுவாகத் தாழ்த்திப் பின் உயர்த்துகிறார். நசுங்கிய களிமண்ணின் உயரமே இடைவெளியின் அளவு. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால் விசை ஏறும்போது ஒருபுறம் சாயும். அச்சாய்வுக்கும் இடம் விட்டாக வேண்டும். நிற்கும்போது எடுத்த அளவு ஓடும்போது பொய்த்துப் போகலாம் என்பதை அவர் மறப்பதில்லை.

பானெட் ஒரே தகடு போலத் தோன்றினும், பெரும்பாலும் இரண்டடுக்கு உடையது. மேலே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள தோல். அடியில் விலா எலும்புபோல் ஓடும் சட்டகம். மேல்தோல் அழகைத் தருகிறது. சட்டகம் உறுதியைத் தருகிறது. சட்டகத்தை அறுத்துவிட்டால், வேகத்தில் பானெட் துடிக்கும். மோதல் நேர்ந்தால் மடிய வேண்டிய இடத்தில் மடியாது. ஆதலால் விலாக்களுக்கு இடையிலேயே துளைக்கு இடம் தேடுகிறார். இடம் போதாமல் ஒரு விலாவை அறுக்க நேர்ந்தால், துளையைச் சுற்றி வேறொரு சட்டம் கட்டி அவ்வுறுதியைத் திருப்பித் தருகிறார்.

பிறகு அட்டையில் துளையின் உருவத்தை வெட்டிப் பானெட்டின்மேல் வைத்துப் பார்க்கிறார். நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் அளந்து சரிபார்க்கிறார். வெட்டப் போகும் இடத்தில் ஒட்டுநாடாவைப் பரப்பி, அதன்மேல் கோடு வரைகிறார். நான்கு மூலைகளிலும் முதலில் வட்டத் துளைகள் இடுகிறார். காரணம் எளியது. கூர்மூலையில் இறுக்கம் வந்து குவியும். அங்கிருந்தே வெடிப்புக் கிளம்பும். வட்டமூலையில் அவ்விறுக்கம் பரவிப் போகும். அதன்பின் நுண்பற்கள் கொண்ட ரம்பத்தை அத்துளையில் இறக்கி, கோட்டுக்குச் சற்று உள்ளேயே வெட்டிச் செல்கிறார். மீதியை அரத்தால் அராவிக் கோட்டை அடைகிறார். குறைவாக வெட்டியதை மேலும் வெட்டலாம். மிகுதியாக வெட்டியதற்கு மாற்று எளிதன்று.

வெட்டி முடித்த விளிம்பு பச்சைப்புண் போன்றது. வண்ணம் அகன்ற இரும்பு விரைவில் துருவேறும். ரம்பத்திலிருந்து தெறித்த சூடான இரும்புத்தூள் அருகிலுள்ள வண்ணத்தில் பதிந்து, அங்கும் துருப்புள்ளிகளை விதைக்கும். அதனால் தூளைத் துடைத்து, விளிம்பை மழுக்கி, பிரைமர் பூசி, வண்ணம் இடுகிறார். கூட்டைப் பற்றவைக்க வேண்டின், தொடர்ச்சியாகச் சூடேற்றினால் மெல்லிய தகடு நெளிந்துவிடும். எனவே இங்கொரு புள்ளி, எதிர்மூலையில் ஒரு புள்ளி என்று பற்றவைத்து, ஆறவிட்டு, மீண்டும் தொடர்கிறார். கூட்டிற்கும் காற்று வடிகட்டிக்கும் நடுவே பஞ்சுப் பட்டை வைத்து அடைக்கிறார். அப்பட்டை இல்லையேல், முகந்த குளிர்காற்று வழியிலேயே சூடான காற்றோடு கலந்துவிடும். மழைநீர் இறங்கிப் போக அடியில் வடிகாலும் வைக்கிறார்.

இத்துடன் முடிந்தது என்று எண்ணுவோர் பலர். எஞ்சினுக்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இன்னும் இருக்கிறது. கார்புரேட்டர் பழைய சூடான காற்றுக்கேற்ற அளவில் பெட்ரோலைத் தந்துகொண்டிருக்கும். அடர்ந்த காற்று வந்தபின் பெட்ரோலின் பங்கு குறைந்து கலவை வறளும். வறண்ட கலவை எஞ்சினைச் சூடாக்கி, நாளடைவில் கேடு செய்யும். பெட்ரோல் இறங்கும் சிறு துவாரங்களையும் காற்றுக்கேற்ப மாற்றியாக வேண்டும். புறத்தே ஒரு வாயிலைத் திறப்பவர் அகத்தேயும் திருத்தம் செய்யக் கடமைப்பட்டவர். புதிய வடிவத்தைக் கைக்கொண்டு, பழைய உள்ளடக்கத்தைத் திருத்தாமல் விடும் கவிதை தரும் ஏமாற்றமும் இவ்வகையினதே.

இடம் அறிதல்

எங்கே வெட்டுவது என்னும் வினா, எப்படி வெட்டுவது என்பதினும் அரிது. ஓடும் காரின் தகட்டை ஒட்டிய காற்று, தகட்டின் உராய்வால் மெதுவாகி, சோம்பிய போர்வை போல் படிந்திருக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில், 1 மீட்டர் நீளமுள்ள சமதகட்டின் முடிவில் அப்போர்வையின் கனம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். தகட்டோடு படிந்த தாழ்ந்த வாய், இச்சோம்பிய காற்றையே பெரிதும் வாங்கும். வாய் திறந்திருக்கிறது, நல்ல காற்று தலைக்குமேல் போய்விடுகிறது. இரண்டாம் உலகப் போரில் பறந்த மஸ்டாங் என்னும் பி-51 விமானத்தின் வயிற்றிலுள்ள காற்றுவாய், உடலோடு ஒட்டாமல் சிறிது இடைவெளி விட்டுத் தொங்கியதும் இதனை அறிந்தே. பந்தயக் கார்களின் கூடு பானெட்டிலிருந்து உயர்ந்து நிற்பதும் அக்காரணத்தாலேயே.

வேறொரு வழியும் உண்டு. காற்று பானெட்டின்மேல் வழுக்கிச் சென்று முன்கண்ணாடியின் அடியில் மோதித் தேங்குகிறது. தேங்கும் இடத்தில் அழுத்தம் மிகும். அங்கே கண்ணாடியை நோக்கி, அதாவது பின்னோக்கி, வாய் வைத்தால் காற்று தானே உள்ளே வரும். 1970ஆம் ஆண்டுச் செவர்லே செவல் எஸ்.எஸ். காரில் விரும்பியவர்க்குப் பொருத்தித் தரப்பட்ட பானெட் இவ்வகையது. எதிர்க்காற்றுக்கு முதுகு காட்டும் இவ்வாயைக் கண்டு, இது காற்றை எப்படி வாங்கும் என்று பாமரர் வியப்பர். காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பவர் முன்னே வெட்டுவார். காற்று எங்கே சென்று தங்குகிறது என்று பார்ப்பவர் பின்னே வெட்டுவார். புல்லாங்குழலில் துளையின் இடம் சிறிது விலகினாலும் சுரம் விலகும் என்பதை அறிந்த அவைக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா.

அடைபட்ட வாய்கள்

இனி வழக்கின் மையத்திற்கு வரலாம். 1964இல் பாண்டியாக் நிறுவனம் ஜி.டி.ஓ. என்னும் காரை வெளியிட்டது. 6.4 லிட்டர் எஞ்சின்; நடுத்தர உடல்; விரைவு மிகுதி. அதன் பானெட்டின்மேல் இரண்டு அகப்பைகள் இருந்தன. இரண்டும் வெறும் தோற்றம். காற்று உள்ளே செல்ல வழியில்லை. ஏரிப்படுகை இளைஞர்கள் தேவையால் வெட்டிய துளை, தொழிற்சாலையின் கையில் துளையில்லாத வடிவமாயிற்று. தேவை, துளை, வடிவம் என்று வந்த வரிசை இங்கே தலைகீழாகி, வடிவம் முன்னே வந்து நின்றது.

வாங்கியவர்கள் வடிவத்தோடு மனநிறைவு கொள்ளவில்லை. 1965இல் ஒரு விந்தை நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜி.டி.ஓ.வின் போலி அகப்பையை மெய்யாக்குவதற்கான தகட்டுத் தட்டும் அடைப்புப் பட்டைகளும் விற்பனையாளர் வழியாகக் கிடைத்தன. மூடியிருந்த வாயைத் திறந்து, அடியில் அத்தட்டைப் பொருத்தினால், மூன்று கார்புரேட்டர்களும் வெளிக்காற்றை உண்ணும். பொய்யாகப் பிறந்தது மெய்யாகும் வாய்ப்பைப் பெற்றது.

ஆயினும் அவ்வாய் பானெட்டோடு தாழ்ந்து கிடந்தது. சோம்பிய காற்றைத் தவிர வேறு எதையும் அது வாங்கியிருத்தல் அரிது என்பர் அறிந்தோர். மறுக்க முடியாத பயன் வேறொன்று இருந்தது. அதுவரை பானெட்டின் அடியில் அடங்கியிருந்த எஞ்சினின் முழக்கம் அத்துளை வழியே வெளிப்பட்டது. காற்று உள்ளே செல்லத் திறந்த வாயிலில், ஓசை வெளியே வந்தது.

முழக்கமே பின்னாளில் வாயை அடைக்கவும் காரணமாயிற்று. 1970ஆம் ஆண்டுப் பாண்டியாக் டிரான்ஸ் ஆம் காரில், அகப்பை எஞ்சினோடு பிணைக்கப்பட்டு, பானெட்டிலுள்ள துளை வழியே மேலெழுந்து பின்னோக்கி நின்றது. எஞ்சின் நடுங்கும்போது அதுவும் நடுங்கும். அதனாலேயே அதனை நடுங்கி என்னும் பொருளில் ஷேக்கர் என்றனர். 1973 முதல், ஓசைக் கட்டுப்பாட்டு விதிகளின் பொருட்டு, தொழிற்சாலையே அதன் வாயைத் தகட்டால் மூடியது. வடிவம் அப்படியே நின்றது, நடுக்கமும் நின்றபாடில்லை, மூச்சு மட்டும் நின்றது. 1977இல் வெளிவந்த ஸ்மோக்கி அண்ட் தி பாண்டிட் என்னும் திரைப்படத்தால் டிரான்ஸ் ஆம் உலகறிந்த காராயிற்று. அந்நாளில் அக்கார் தொழிற்சாலையிலிருந்து வந்தது மூடிய வாயோடுதான். வாங்கியவர்களிற் பலர் அத்தகட்டைத் தாமே வெட்டி எடுத்தனர். புதிதாக ஒன்றைத் துளைக்காமல், இருந்ததற்கு மூச்சைத் திருப்பித் தந்த வெட்டு அது.

காலத்தால் பொய்யான அகப்பையும் உண்டு. 2000களின் தொடக்கத்தில் வந்த மினி கூப்பர் எஸ் காரில், அழுத்தப்பட்டுச் சூடேறிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எஞ்சினின்மேல் இருந்தது. பானெட்டிலுள்ள வாய் அதற்குக் காற்று தந்தது. 2006ஆம் ஆண்டின் இறுதியில் வந்த அடுத்த தலைமுறையில் இன்டர்கூலர் காரின் முன்பக்கத்திற்கு இடம் மாறியது. பானெட்டிலுள்ள வாய் மட்டும் பழைய இடத்திலேயே, செய்தொழில் இன்றித் தங்கியது. ஒரு தலைமுறையில் உயிரோடிருந்த உவமை அடுத்த தலைமுறையில் வெறும் வாய்ப்பாடாக மீந்து நிற்பதைக் கண்டவர்க்கு இது புதிதன்று.

இவற்றினும் எளிய வழியும் கடைகளில் கிடைக்கிறது. வெட்டவே வேண்டாம், பானெட்டின்மேல் ஒட்டிவிட்டால் போதும் என்னும் பிளாஸ்டிக் அகப்பை. அதை வாங்குவோரை எள்ளுதல் முறையன்று. நல்ல தகட்டில் ரம்பம் வைக்க எவர்க்கும் நெஞ்சம் நடுங்கும். பிழைத்தால் பானெட்டே போயிற்று. அந்நடுக்கம் நியாயமானது. அந்நடுக்கத்தைக் கடவாமல், கடந்ததாகக் காட்டுவதில்தான் குறை இருக்கிறது.

இலக்கணம் தரும் தீர்ப்பு

நூலுக்குரிய பத்துக் குற்றங்களைத் தொகுக்கும் நன்னூல், இறுதியாகச் சொல்லும் குற்றம் நின்று பயனின்மை. சொல் நிற்கிறது, அதனால் விளையும் பயன் இல்லை. தகட்டால் அடைபட்ட அகப்பைக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் கிடைத்தல் அரிது. இத்தீர்ப்போடு வழக்கை முடித்துவிடலாம் என்று தோன்றும்.

ஆனால் தொல்காப்பியம் வேறொரு வாயிலையும் திறந்து வைத்திருக்கிறது. இடைச்சொற்களின் இயல்பைக் கூறும் இடையியல், தனக்கெனப் பொருள் இல்லாவிடினும் செய்யுளின் இசையை நிறைக்க வரும் சொற்களுக்கு இடம் தருகிறது. இசைநிறை என்பது அதன் பெயர். பொருள் தாராத ஒன்று, ஓசை தருவதால் செய்யுளில் உறுப்பாகும் உரிமை பெறுகிறது.

1965ஆம் ஆண்டு ஜி.டி.ஓ.வின் திறந்த வாய் இவ்வுரிமையைக் கோரத்தக்கது. அது தந்த காற்று ஐயத்திற்குரியது. தந்த முழக்கம் ஐயமற்றது. ஓட்டியவர் அம்முழக்கத்தில் மகிழ்ந்தார். எஞ்சினின் உண்மையான குரலையே அது வெளியிட்டது. இல்லாத குரலைப் புனையவில்லை. ஆகவே அதனை இசைநிறை எனலாம். 1964ஆம் ஆண்டின் அடைபட்ட வாய்களோ காற்றும் தரவில்லை, ஓசையும் தரவில்லை. அவற்றுக்காக வாதிடுவோர், அடியில் வலிய எஞ்சின் இருப்பதற்கு அவை அடையாளம் என்பர். அக்காரைப் பொறுத்தவரை அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. அடியில் எஞ்சின் இருந்தது. அடையாளத்தை மட்டும் கழற்றி, எளிய எஞ்சின் கொண்ட கார்களின் தலையில் ஒட்டியபோது, அவ்வாதமும் கழன்றுவிட்டது.

ஆக, அணியைச் சோதிக்க வேண்டிய வினா, அது அழகா என்பதன்று. வேண்டுமா என்பதும் அன்று. அதன் வழியே எது சென்று வருகிறது என்பதே. காற்று செல்லலாம், வெப்பம் வெளியேறலாம், ஓசை எழலாம். ஏதேனும் ஒன்று கடந்து சென்றால் அது வாயில். எதுவும் கடவாமல், கடப்பதாகக் காட்டினால் அது தழும்பின் ஓவியம்.

மூடத் தெரிந்த வாயில்

இதற்கு எதிராக ஒன்று கூறப்படலாம். எப்போதும் திறந்திருக்கும் வாயும் நல்லதன்று. மழை இறங்கும், குளிர்காலத்துக் காலையில் மிகக் குளிர்ந்த காற்றால் எஞ்சின் திணறும். இதையும் அத்தொழிலின் வல்லுநர் எண்ணியிருந்தனர். 1970ஆம் ஆண்டுப் பிளிமத் ரோட் ரன்னர் காரில், ஓட்டுநர் ஒரு விசையைத் தட்டினால் பானெட்டின் நடுவே ஒரு கதவு மேலெழும். அதன் பக்கங்களில் சுறாமீனின் பற்கள் தீட்டப்பட்டிருந்தன. தேவையில்லாதபோது கதவு பானெட்டோடு படிந்துவிடும். செவல் காரின் பின்னோக்கிய வாயிலோ தானே திறந்து மூடும் மடலை உடையது. ஓட்டுநர் விசையை முழுமையாக அழுத்தும்போது எஞ்சினின் உள்ளிழுப்பு வெற்றிடம் குறையும். அக்குறைவை உணர்ந்து மடல் திறக்கும். மெல்லச் செல்லும்போது மூடிக்கொள்ளும். பெருமூச்சு வேண்டும் இடத்தில் மட்டும் திறக்கும் வாயில் இது. வரிதோறும் அணி தொடுக்கும் கவிஞரும், அணியே கூடாது என்று விலக்கும் கவிஞரும் இம்மடலிடம் கற்கத்தக்கது உண்டு.

இறுதியாக ஒரு செய்தி. நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷனின் புரோ ஸ்டாக் பிரிவுக் கார்கள், உயர்ந்து நின்ற தம் பானெட் அகப்பைகளாலேயே நெடுங்காலம் அடையாளம் காணப்பட்டன. அங்கு அகப்பை ஒப்பனையன்று, வெற்றிக்குரிய உறுப்பு. 2016இல் அப்பிரிவில் கார்புரேட்டருக்கு மாற்றாக மின்னணு முறையில் பெட்ரோல் செலுத்துதல் கட்டாயமாக்கப்பட்டபோது, பானெட் அகப்பைகள் விலக்கப்பட்டன. காற்று வேறு வழியே செல்லலாயிற்று. அடையாளமாக இருக்கட்டும் என்று அவற்றை அங்கே எவரும் தகட்டால் அடைத்து வைத்துக்கொள்ளவில்லை. தொழில் முடிந்தது, உறுப்பும் நீங்கிற்று. மெய்யான அணிக்கு நேரும் முடிவும் இவ்வாறே மதிப்புடையதாதல் வேண்டும்.

பத்தாண்டு என்பது ஓர் இலக்கிய வட்டத்திற்குச் சிறு காலமன்று. அப்பத்தாண்டில் இங்கே படிக்கப்பெற்ற கவிதைகளில் திறந்த வாய்களும் இருந்திருக்கும். மூடிய வாய்களும் இருந்திருக்கும். மூடியவற்றைப் பழித்து ஒதுக்க வேண்டுவதில்லை. தகட்டை வெட்டி மூச்சைத் திருப்பித் தரும் வழி அவற்றுக்கும் உண்டு. அதற்கு அளக்கும் பொறுமையும், விலா எலும்பை அறுக்காத அறிவும், கோட்டுக்கு உள்ளே வெட்டும் அடக்கமும், வெட்டியபின் அகத்தைத் திருத்தும் கடமையும் வேண்டும். இவை உடையோர் இவ்வட்டத்தில் பலர். அவர்களுடைய அடுத்த பத்தாண்டு சிறக்கட்டும்.